வள்ளிக்கோணம் போர்முனை

வள்ளிக்கோணத்தில் போர் மூண்டுவிட்ட விவரம் பரமசிவனுக்குப் பத்திரிகையைப் பார்த்துத்தான் தெரிந்தது. அதுவும் ஒன்றல்ல, இரண்டு பத்திரிகைகள். ரத்னபாய் தன் சாயாக்கடைக்கு இரண்டையும் வரவழைத்தாள். திருவனந்தபுரத்திலிருந்து வரும் ‘தேசஜ்வாலா’ மலையாளம். நாகர்கோவிலிலிருந்து வரும் ‘எல்லை முழக்கம்’ தமிழ். வள்ளிக்கோணத்துக்காரர்களுக்கு இரண்டும் வாசிக்கத் தெரியும். அதனால் ஒரே பொய்யை இரண்டு முறை அனுபவிக்கும் பாக்கியம் அவர்களுக்கு இருந்தது.

அது 1954. திருவனந்தபுரம் ஆட்சியில் இருந்த தெற்குத் தாலுகாக்களைச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்க வேண்டும் என்று ஒரு கூட்டமும், ஒரு பிடி மண் தரமாட்டோம் என்று இன்னொரு கூட்டமும் கொடி பிடித்துக்கொண்டிருந்த வருஷம். மார்த்தாண்டம் பக்கம் துப்பாக்கி நிஜமாகவே வெடித்து, ஆட்கள் நிஜமாகவே செத்திருந்தார்கள். பாறசாலைக்கும் தனுவச்சபுரத்துக்கும் நடுவே கிடந்த வள்ளிக்கோணத்தில் மட்டும் மரச்சீனிக் கிழங்கு விலையைத் தவிர வேறு எதற்கும் யாரும் குரல் உயர்த்தவில்லை. வீட்டில் தமிழ், சந்தையில் மலையாளம், கோபம் வந்தால் இரண்டும் என்று ஊர் அது பாட்டுக்கு இருந்தது.

‘எல்லை முழக்கம்’ முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது: “வள்ளிக்கோணத்தில் போலீஸ் வெறியாட்டம்! அறவழி நின்ற தமிழர்மீது துப்பாக்கிச் சூடு!” ‘தேசஜ்வாலா’ சொன்னது வேறு: “வள்ளிக்கோணத்தில் கலகக்காரர் அட்டகாசம்! போலீசார்மீது வெடிகுண்டு வீச்சு!” நேரம் மட்டும் இரண்டிலும் ஒன்றுதான். நேற்றுச் சாயங்காலம், தீபாராதனை வேளை.

பரமசிவன் சாயாவைக் கீழே வைத்தான். நேற்று தீபாராதனை வேளையில் ஊரில் வெடித்தது ஒன்றே ஒன்று. அதை வெடித்தவன் அவன்.

அவன் தேவி கோயிலில் வெடிக்காரன். கதினா என்கிற இரும்புக் குழலில் கரிமருந்தை நிறைத்து, மேலே செங்கல் பொடி போட்டு, கம்பியால் இடித்து இறுக்கி, நீளக் கோலின் நுனியில் தீயை வைத்து எட்டி நின்று கொளுத்துவது அவன் வேலை. கோயிலுக்கு நேர்ச்சைக் கடன் உள்ளவர்கள் கணக்கனிடம் காசு கட்டிச் சீட்டு எழுதுவார்கள். வழிபாட்டுக்காரரின் பேரையும் நாளையும், அதாவது பிறந்த நட்சத்திரத்தையும், வெடிக்காரன் தேவியின் காதில் விழும்படி உரக்கச் சொல்லிவிட்டுத்தான் தீ வைக்க வேண்டும். பேரும் நாளும் சொல்லாத வெடி தேவியைச் சேராது. சீட்டு எழுதிவிட்டால் வெடி போடாமல் இருக்கவும் கூடாது. நேற்று ஸ்ரீகுமாரி என்கிற பெண் சுகப்பிரசவத்துக்காக நேர்ந்த வெடி. “ஸ்ரீகுமாரி, கார்த்திகை!” என்று தொண்டை கிழியக் கத்தியதற்குப் பிறகுதான் அவன் தீ வைத்தான்.

“பரமசிவா, நீரு போலீசுக்க மேல குண்டு எறிஞ்சீரா, இல்ல போலீசு ஒம்ம மேல சுட்டாவளா? ஒண்ண ஒறப்பிச்சுச் சொல்லும்,” என்றாள் ரத்னபாய். “எனக்கு ரெண்டு பேப்பருக்கும் காசு குடுக்கணும்.”

கடையே சிரித்தது. பரமசிவனும் சிரித்தான். மத்தியானம் இரண்டு லாரி நிறையப் போலீஸ் வந்து பள்ளிக்கூட மைதானத்தில் கூடாரம் அடித்தபோது சிரிப்பு அடங்கிவிட்டது. நாலு பேர் சேர்ந்து நிற்கக் கூடாது, இருட்டினால் ரோட்டில் இறங்கக் கூடாது என்று தண்டோரா போட்டார்கள்.

சட்டம் முதலில் கடித்தது பரமசிவனின் தங்கை சத்யபாமாவின் குடும்பத்தை. அவள் புருஷன் செல்லையன் வாழைக்குலை வியாபாரி. தோட்டம் தோட்டமாகப் போய்க் குலை வெட்டி, சைக்கிளில் கட்டித் தள்ளிக்கொண்டு, விடியற்காலையில் பாறசாலைச் சந்தைக்குப் போவான். இப்போது விடியற்காலையில் ரோட்டில் இறங்கினால் லாத்தி.

“நீ போட்ட வெடியாக்கும் இது எல்லாத்துக்கும் காரணம்,” என்றாள் சத்யபாமா. “அண்ணா, நீயே போய்ச் சொல்லு. அது கோயில் வெடின்னு ஒரு வரி பேப்பர்ல வந்தா இவனுவ கூடாரத்த அவுத்துட்டுப் போயிருவானுவ. இல்லேன்னா எனக்க மாப்பிள என்னைக்காவது ஒரு நாள் இவனுவளுக்க கையில அகப்படும்.”

செல்லையன் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தான். அவனுக்குக் கடைவாய்ப் பல் வலி. தாடையைச் சுற்றி உச்சந்தலையில் ஒரு துண்டை இறுக்கிக் கட்டியிருந்தான். அந்தக் கட்டோடும் சிரிப்பான். மைத்துனனை அளியன் என்றுதான் அழைப்பான். “அளியா, போயிட்டு வாரும். பேப்பர்ல ஒம்மப் பேரு வந்தா எனக்கும் ஒரு பெருமதானே.”

பரமசிவன் நல்ல வேட்டி உடுத்திக்கொண்டு போனான். போர்முனை நிருபர்கள் இருவரும் பாறசாலையில் ஒரே லாட்ஜில், ஒரே அறையில், ஒரே தட்டிலிருந்து ஏத்தவாழைக்காய் வறுத்த உப்பேரி தின்றுகொண்டிருந்தார்கள். ‘தேசஜ்வாலா’வுக்கு மோகனன். ‘எல்லை முழக்க’த்துக்கு ஞானசிகாமணி. வள்ளிக்கோணம் போர்முனை அந்த அறையின் ஜன்னலிலிருந்து தெரியாது. காற்று வாக்காக அடித்தால் கேட்கும்.

“சாரே, அது எனக்க வெடியாக்கும்,” என்றான் பரமசிவன். “யாரும் சுடவும் இல்ல, எறியவும் இல்ல. ஸ்ரீகுமாரி பெத்ததுக்கு உள்ள நேர்ச்ச.”

ஞானசிகாமணிக்கு மேடைப் பேச்சு நடைதான் வரும். சாயா கேட்டாலும் அந்த நடையில்தான் கேட்பார். “ஐயா, தங்கள் செவியில் விழுந்தது வெடியோசை. தமிழினத்தின் செவியில் விழுந்தது துப்பாக்கியோசை. ஓர் இனத்தின் செவியைவிடத் தங்கள் செவி பெரிதா?”

மோகனன் அவ்வளவு உயரத்துக்குப் போகவில்லை. “பரமசிவன் சேட்டா, இரிக்கணும். ஒரு கார்யம் கேக்கணும். வெடின்னு ஞான் எழுதினா, பத்திராதிபர் எந்துக்கு எனக்கு லாட்ஜ் வாடகை தரணும்? ஒண்ணும் நடக்காத ஸ்தலத்தில ஒரு நிருபன் எந்துக்கு? ஞான் இங்க இரிக்கிறதே இங்க ஏதோ நடக்குதுங்கிறதுக்குச் சாட்சியல்லே?”

“அப்போ உள்ளது எழுத மாட்டீரா?”

“எழுதாமலா?” ஞானசிகாமணி நெஞ்சில் கை வைத்தார். “உண்மையே எங்கள் மூச்சு. திருத்தம் வெளியிடுவோம். இடம் கிடைக்கும்போது.”

இருவரும் விவரமாகக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். கோயில் பேர், வெடிக்காரன் பேர், வழிபாட்டுக்காரி பேர், அவள் நாள். கதினா இரும்பா பித்தளையா என்றுகூடக் கேட்டார்கள். பரமசிவன் நெஞ்சு குளிர்ந்து வீடு திரும்பினான். அவன் உளறிய உளறலில் முக்கியமானதை அவர்கள் கப்பென்று பிடித்துக்கொண்டது அவனுக்குத் தெரியாது. சீட்டு எழுதினால் யாருக்கும் வெடி உண்டு.

மறுநாள் கோயில் கணக்கன் ஒரு சீட்டை நீட்டினான். “வெடி ஒண்ணு. சாயங்காலம் பஸ் போறதுக்கு முன்ன போடணுமாம். செய்தி அந்தப் பஸ்ஸிலதான் போவுமாம்.”

“பேரு?”

“எல்லை முழக்கம்.”

“நாளு?”

பத்திரிகைக்கு ஏது நாள்? கணக்கன் விடவில்லை. பத்திரிகை பிறந்த தேதியைக் கேட்டு, பஞ்சாங்கத்தைப் புரட்டி, மூலம் என்று கணித்து வைத்திருந்தான். அதற்கு மறுநாள் ‘தேசஜ்வாலா’வும் சீட்டு எழுதியது; அதற்குப் பரணி. பரமசிவன் தேவியின் சன்னதியைப் பார்த்து “எல்லை முழக்கம், மூலம்!” என்றும், மறுநாள் “தேசஜ்வாலா, பரணி!” என்றும் கூவித் தீ வைத்தான். வெட்கத்தில் அவன் காது சிவந்தது. மாட்டேன் என்றும் சொல்லிப் பார்த்தான். “தேவிக்க வழிபாட்ட வேண்டாம்னு சொல்ல நீ ஆரு?” என்று கணக்கன் கேட்டான்.

அவனுடைய வெடிகள் பத்திரிகையில் வளர்ந்துகொண்டே போயின. திங்கள்கிழமை வெடித்தது கைத்துப்பாக்கி. புதன்கிழமை அது இயந்திரத் துப்பாக்கி. வெள்ளிக்கிழமை மருந்து கொஞ்சம் தூக்கலாகிவிட்டது. பீரங்கி என்று எழுதிவிட்டார்கள். “வள்ளிக்கோணத்துக்குள்ள பீரங்கி எந்த வழியா வந்துது?” என்று ரத்னபாய் வாசலில் நின்று பார்த்தாள். “எனக்க கடைக்கு முன்ன மாட்டுவண்டியே ஒதுங்க எடம் இல்ல.”

பிறகு படம் பிடிக்க ஆள் வந்தது. போர் என்றால் காயம் வேண்டும். ஊரெல்லாம் அலைந்தும் ஒரு சிராய்ப்புகூட அகப்படவில்லை. கடைசியில் சாயாக்கடை வாசலில் பல் வலிக் கட்டோடு நின்ற செல்லையன் கண்ணில் பட்டான். “சிரிக்காதேயும்” என்று கெஞ்சிக் கெஞ்சிப் படம் எடுத்தார்கள். ‘எல்லை முழக்க’த்தில் அவன் “தடியடியில் மண்டை பிளந்தும் தளராத தமிழ் மறவர்”. ‘தேசஜ்வாலா’வில் அதே படம், அதே கட்டு, “கலகக்காரரின் கல்லடிபட்ட சாது மலையாளி வியாபாரி”. செல்லையன் இரண்டையும் கத்தரித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஊர் முழுக்கக் காட்டினான். “எலே, ரெண்டு சர்க்காருக்கும் நான் வேணும்லே!”

பரமசிவனுக்குச் சிரிப்பு வரவில்லை. திருத்தத்தைத் தேடித் தேடிக் கண் வலித்துப்போய், அவன் இன்ஸ்பெக்டரிடம் போனான். நாங்கள் சுடவில்லை என்று போலீஸ் ஒரு வார்த்தை சொன்னால் போதுமே!

இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர். கூடாரத்தில் பனியனோடு உட்கார்ந்து நெய்யாற்றின்கரை பாஷையில் மனம் விட்டுப் பேசினார்.

“பரமசிவா, நான் சுடல. சத்தியமா சுடல. ஆனா சுடலன்னு மேல எழுத முடியாது கேட்டியா. ஜனங்க குண்டு எறிஞ்சப்போ நீ எங்க போய்க் கிடந்தேன்னு கேப்பாவ. சுட்டேன்னு எழுதினா எத்தன பேரு செத்தான்னு கேப்பாவ. அதனால ஆகாசத்தப் பாத்துச் சுட்டேன்னு எழுதியாச்சு. ஆகாசம் வந்து சாட்சி சொல்லாதுல்லா?”

“அப்போ தோட்டா, சாரே? மிச்சம் இருக்குமே?”

“புத்திசாலியாக்கும் நீ. கோயில் கொளத்தில போட்டாச்சு.” அவர் குரலைத் தாழ்த்தினார். “எனக்கு மெடலுக்கு எழுதிப் போயிருக்கு. நீ வெடி கிடின்னு ஒளறி அதக் கெடுத்துராத மக்கா.”

கூடாரத்தைச் சுற்றிப் புதுப் போலீஸ்காரர்கள் நின்றார்கள். வடக்கே எங்கிருந்தோ கொண்டு வந்து இறக்கியவர்கள். அவர்களுக்கு ஊரும் தெரியாது, கதினாவும் தெரியாது. தினமும் காலையில் ‘தேசஜ்வாலா’ வந்ததும் ஒருவன் வாசிக்க மற்றவர்கள் வாய் பிளந்து கேட்பார்கள். தாங்கள் எப்படிப்பட்ட இடத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறோம் என்று அவர்களுக்கு அது சொல்லிக் கொடுத்தது. சாயங்காலம் வெடிச் சத்தம் கேட்டதும் சொல்லி வைத்தாற்போலக் குப்புற விழுவார்கள். விழுந்த வாக்கிலேயே துப்பாக்கியின் விசையைத் தேடுவார்கள்.

பரமசிவன் அதைப் பார்த்தான். நேரே லாட்ஜுக்கு ஓடினான்.

“சாரே, வெளயாட்டு போதும். அவனுவ பயந்து கெடக்கான். பயந்தவன் ஆரையாவது சுட்டுப்போடுவான்.”

“பயம்!” ஞானசிகாமணி மோகனனைப் பார்த்தார். “நல்ல தலைப்பு.”

அந்த வாரக் கடைசியில் ‘தேசஜ்வாலா’வின் பத்திராதிபர் போர்முனையை நேரில் பார்க்க வருவதாக இருந்தது. அவரைச் சும்மா அனுப்பலாமா? மோகனன் கூட்டவெடிக்குச் சீட்டு எழுதினார். கதினாக்களை வரிசையாக வைத்து ஒன்றன்பின் ஒன்றாக வெடிப்பது. திருவிழாவுக்கு மட்டும் போடுவது. கணக்கன் ரொம்பச் சந்தோஷமாகச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தான்.

பத்திராதிபர் காரை விட்டு இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கி, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, “ஆரம்பிக்காம்” என்றார். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. பரமசிவன் “தேசஜ்வாலா, பரணி!” என்று கத்தினான். தீ வைத்தான். கதினாக்கள் மடமடவென்று வெடித்து ஓய்ந்தன.

ஓய்ந்த பிறகும் சத்தம் நிற்கவில்லை. போலீஸ் காவல் நின்ற ரோட்டு வளைவிலிருந்து கேட்டது. பரமசிவனுக்குத் தன் வெடி தெரியும். அது வயிற்றில் வந்து மோதும். இது காதைக் கீறிக்கொண்டு போனது. பத்திராதிபரின் கார் தூசியைக் கிளப்பிக்கொண்டு பறந்தது. பரமசிவன் கோலைப் போட்டுவிட்டு வளைவை நோக்கி ஓடினான்.

இருட்டுவதற்குள் வீட்டுக்குப் போய்விடலாம் என்று செல்லையன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறான். இரண்டு பக்கமும் குலைகள். வெயில் படாமலிருக்க வாழைச் சருகால் மூடிக் கட்டியிருந்தான். கூட்டவெடி கேட்டுக் குப்புற விழுந்த போலீஸ்காரர்கள் தலை தூக்கிப் பார்த்தபோது, எதையோ மூடி மறைத்துத் தள்ளிக்கொண்டு ஒருவன் வந்தான். சுட்டுவிட்டார்கள். குலைகள் ரோடெல்லாம் சிதறிக் கிடந்தன. செல்லையன் அவற்றின் நடுவே கிடந்தான். சட்டைப்பையில் இருந்த தமிழ் மறவரும் சாது மலையாளியும் ஒன்றாக நனைந்துபோயிருந்தார்கள்.

பரமசிவன் அன்று அழவில்லை. மறுநாள் காலையில் லாட்ஜில் போய்த்தான் அழுதான். ஏன் போனான் என்று கேட்டால், அவன் இன்னும் நம்பிக்கொண்டிருந்தான். இத்தனை நாள் நடக்காததை எழுதியவர்கள் நடந்ததை எழுதாமலா இருப்பார்கள்?

நிருபர்கள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள்.

“சாரே, சுட்டுட்டானுவ. இந்தத் தடவ நெசமா சுட்டுட்டானுவ. எனக்க அளியன் போயிட்டான். எழுதும் சாரே. ஒங்க கிட்ட அவனுக்க படம்கூட உண்டு.”

மோகனன் சட்டையை மடித்துக்கொண்டே சொன்னார். “சேட்டா, கஷ்டம்தான். ஆனா ஒரு கார்யம். நேத்து ராத்திரி தந்தி வந்து. திருவனந்தபுரத்தில ரெண்டு பட்சமும் பேச இரிக்குது. இனி சமாதானம்.”

“சமாதானத்துக்கும் செல்லையன் செத்ததுக்கும் என்ன சாரே?”

ஞானசிகாமணிக்குக் கண்கூடக் கலங்கியிருந்தது. “ஐயா, போர்க்காலத்தில் ஒரு பிணம் ஆயிரம் பேரை எழுப்பும். சமாதானக் காலத்தில் ஒரு பிணம் பேச்சுவார்த்தையைக் குலைக்கும். போன வாரம் இறந்திருந்தால் முதல் பக்கத்தில் கறுப்புக் கட்டம் கட்டியிருப்பேன். தங்கள் மைத்துனர் சற்று முந்தியிருக்கலாம்.”

முகத்தில் காறித் துப்பவேண்டிய இடம் அது. பரமசிவன் துப்பவில்லை. அவன் அப்படி வளர்க்கப்பட்டவன் அல்ல. “ஊரெல்லாம் சத்தம் கேட்டுதே சாரே. என்ன சத்தம்னு கேப்பாவளே?” என்று மட்டும் கேட்டான்.

“அதுக்கு வழி உண்டு,” என்றார் மோகனன். “சேட்டன் அன்னைக்கே சொன்னதல்லே?”

மறுநாள் ரத்னபாயின் கடையில் இரண்டு பத்திரிகைகளும் கிடந்தன. பிறந்ததிலிருந்து எதிலும் ஒத்துப்போகாத இரண்டும் அன்று ஒரே செய்தியை, ஏறக்குறைய ஒரே வார்த்தைகளில் போட்டிருந்தன. “திருத்தம். வள்ளிக்கோணத்தில் கேட்ட சத்தம் துப்பாக்கிச் சூடு அல்ல. அது தேவி கோயில் வெடி வழிபாடு என்பதை அக்கோயில் வெடிக்காரர் பரமசிவனே நமது நிருபரிடம் நேரில் தெரிவித்துள்ளார். ஸ்ரீகுமாரி, கார்த்திகை நட்சத்திரம் என்பவர் சுகப்பிரசவத்துக்காக நேர்ந்த வெடி. வெடித்தது இரும்புக் கதினா. பொதுமக்கள் வதந்திகளை நம்ப வேண்டாம்.”

கடையில் யாரும் சிரிக்கவில்லை. ரத்னபாய் இரண்டையும் எடுத்து அடுப்புக்குள் திணித்தாள். ஆனால் ஒரு பிரதி எப்படியோ துக்க வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. சத்யபாமா அதை மடியில் வைத்துக்கொண்டு அண்ணனுக்காகக் காத்திருந்தாள்.

“அண்ணா, இது நீ சொன்னதா?”

“நான் சொன்னதாக்கும்.”

“இதுல உள்ளது பொய்யா?”

இதற்காகத்தானே அவள் அவனை நல்ல வேட்டி உடுத்தி அனுப்பினாள். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. பரமசிவன் அவள் முகத்தைப் பார்க்காமல் முற்றத்தில் இறங்கினான்.

இன்ஸ்பெக்டர் தன் அறிக்கையோடு அந்தத் திருத்தத்தையும் வெட்டி ஒட்டி மேலே அனுப்பினார். வள்ளிக்கோணத்தில் யாரும் சுடவில்லை. சுடாத இடத்தில் யாரும் சாக முடியாது. செல்லையன் சைக்கிளிலிருந்து தவறி விழுந்ததாக முடிந்தது. எல்லையில் அமைதி காத்ததற்காக இன்ஸ்பெக்டருக்கு மெடல் கிடைத்தது. கூடாரத்தைப் பிரித்தார்கள், ஒரு பெயருக்குச் சில போலீஸ்காரர்களை மட்டும் வளைவில் நிறுத்திவிட்டுப் போனார்கள்.

செல்லையனின் பதினாறாம் நாள் அடியந்திரச் சடங்கு கழிந்து பரமசிவன் கோயிலுக்கு வேலைக்கு வந்தான். கணக்கன் ஒரு சீட்டை நீட்டினான். முகத்தில் பெருமை.

“ரெண்டு பேப்பரும் சேந்து எழுதியிருக்கு, எல்லையில சமாதானம் வந்ததுக்கு. வெடி ஒண்ணு. மூலத்தையும் பரணியையும் சேத்துச் சொல்லிரு.”

பரமசிவன் சீட்டை வாங்கி மடித்து இடுப்பில் செருகினான். கதினாவில் மருந்தை நிறைத்தான். செங்கல் பொடி போட்டு, கம்பியால் இடித்து இறுக்கினான். தீபாராதனை மணி அடித்ததும் சன்னதியைப் பார்த்து நிமிர்ந்து நின்றான். இவ்வளவு உரக்க அவன் ஒருநாளும் கத்தியதில்லை.

“செல்லையன், பூராடம்!”

கணக்கன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான். அதற்குள் தீ வைத்தாகிவிட்டது. தென்னந்தோப்பு அதிர்ந்தது. காக்கைகள் கலைந்து பறந்தன.

ரோட்டு வளைவில் அன்று சுட்டவர்களில் ஒருவன் காவலுக்கு நின்றிருந்தான். குப்புற விழவில்லை. துப்பாக்கியைத் தொடவில்லை. பீடி பற்ற வைத்துக்கொண்டிருந்தவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவனும் பேப்பர் படித்திருந்தான்.